மூன்று வீட்டு மணல்

திருவண்ணாமலையைப் பற்றிப் பேச வருகிறவர்கள் எல்லோரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டேதான் பேசுவார்கள். மலை அப்படி, கோபுரமும் அப்படி. கார்த்திகை தீபத்தன்று உச்சியில் சுடர் தெரிந்ததும் வீட்டுக்கு வீடு அகல் ஏற்றி, வெல்லப்பாகில் பிடித்த பொரி உருண்டையை வைத்துப் படைக்கிறார்களே, அந்தப் பொரி எந்த அடுப்பில் பொரிந்தது என்று மட்டும் ஒருவரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் பாஞ்சாலையின் பெயர் ஊருக்கே தெரிந்திருக்கும். ஊர் கேட்காமல் விட்டதை நாமாவது சொல்லிவிடுவோம்.

பாஞ்சாலை பிறந்தது மலைக்குப் பின்பக்கம் இருக்கிற அடி அண்ணாமலை கிராமத்தில். அப்பாவுக்குக் கொஞ்சம் மல்லாட்டைக் கொல்லை இருந்தது. வேர்க்கடலையை அந்தப் பக்கத்தில் மல்லாட்டை என்றுதான் சொல்வார்கள். பருவம் வந்ததும் அவளை இருசப்பனுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். இருசப்பன் வீடு கோயிலின் மேற்குக் கோபுரமான பேகோபுரத்துக்குப் பின்னால், மலையடிவாரத்தை ஒட்டிய ஒரு சந்தில் இருந்தது. அந்தச் சந்தில் மூன்று வீடுகளில் பொரி அடுப்பு எரிந்தது. அதனால் அதற்குப் பொரிக்காரச் சந்து என்று பெயர்.

வந்த புதிதில் அவளுக்கு அந்த வேலை பிடிக்கவே இல்லை. கொல்லையில் காற்றோடு திரிந்தவளை அடுப்பு முன்னால் உட்கார வைத்தால் எப்படிப் பிடிக்கும்? பெரிய இருப்புச் சட்டியில் பாதிக்கு மணல் இருக்கும். அடியில் மல்லாட்டைத் தோலைத் தள்ளித் தள்ளி எரிக்க வேண்டும். மணல் பழுத்த பிறகு, ஈரம் காட்டி ஆறவைத்த நெல்லைப் போட்டுத் துடுப்பால் புரட்டினால் படபடவென்று வெடிக்கும். அடுத்த நிமிஷமே அள்ளிச் சல்லடையில் கொட்டி, மணலைச் சட்டிக்கே திருப்பி, உமியைப் புடைத்துத் தள்ள வேண்டும். கொஞ்சம் தாமதித்தால் கருகும், அவசரப்பட்டால் பொரியாது. மணல் எவ்வளவு சூடு என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. நாலு நெல்லைப் போட்டு, வெடிக்கிற சத்தத்தைக் கேட்டுத்தான் சொல்ல முடியும். ஒரே வருஷத்தில் பாஞ்சாலைக்குக் காது பழகிவிட்டது. இரண்டாவது வருஷம் மாமியார் துடுப்பை அவளிடமே விட்டுவிட்டு, மணல் பானையைக் காட்டிச் சொன்னாள்: "இதப் பாத்துக்க. மத்தது எல்லாம் தானா வரும்."

அந்த மணல் விஷயத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும். பொரிக்காரருக்கு மணல் ஆற்றில் கிடைக்கிற சரக்கு இல்லை. செய்யாற்று மணலைக் கழுவிச் சலித்து வறுக்கத் தொடங்கினால், முதல் வருஷப் பொரியில் மண்வாடை அடிக்கும். சூட்டிலேயே கிடந்து கிடந்து கறுத்து வழவழப்பான பிறகுதான் அது பொரி மணல். பிள்ளைகள் தனியடுப்பு வைத்தால் வீட்டு மணலிலிருந்து ஒரு கை அள்ளிக் கொடுப்பார்கள். பாலுக்கு உறை குத்துவது மாதிரி அதைப் புது மணலோடு கலந்துகொள்வார்கள். ரத்த சம்பந்தம் இல்லாதவருக்கு ஒரு சிட்டிகைகூடக் கிடைக்காது. ஆயுத பூஜைக்குத் துடுப்புக்கும் சல்லடைக்கும் வைப்பது மாதிரியே மணல் பானைக்கும் பொட்டு வைப்பார்கள்.

சந்திலேயே பழைய மணல் தன்னுடையதுதான் என்று மார்தட்டுகிறவர் மண்ணாங்கட்டி. முன்னால் பிறந்த பிள்ளைகள் தங்காமல் போகவே, எமன் கண்ணில் படாமல் இருக்கட்டும் என்று அந்தப் பெயரை வைத்தார்கள். எமன் கண்ணில் படாமல் தப்பினாரே தவிர, மற்றவர் கண்ணில் படாமல் அவரால் ஒரு நாளும் இருக்க முடிந்ததில்லை. பெரிய மீசை, பெரிய குரல், சந்திலேயே பெரிய அடுப்பும் பெரிய சட்டியும் அவருக்குத்தான். தாத்தா காலத்து மணல் என்று போவோர் வருவோரிடமெல்லாம் சொல்வார்.

அவருக்கும் பாஞ்சாலைக்கும் பேச்சு இல்லை. ஒரு ஆயுத பூஜைச் சந்தையில், வாங்க வந்தவர்கள் முன்னால் அவர் சொன்னார்: "அந்தம்மா பொரியத் தின்னா பல்லு போயிடும். மணலு ஜாஸ்தி." பாஞ்சாலை சும்மா இருப்பாளா? "அவரு மூட்டையில மணலே இருக்காதுங்க. பொரியும் கம்மியாத்தான் இருக்கும்" என்றாள். சந்தையே சிரித்தது. மண்ணாங்கட்டியின் அளவுப்படி உள்ளே கொஞ்சம் ஒடுங்கியது என்பது எல்லோருக்கும் தெரியும், ஒருவரும் சொன்னதில்லை. அன்று அறுந்த பேச்சுதான். எதிரெதிரே வந்தால் இருவரும் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டு போவார்கள்.

மூன்றாவது அடுப்பு ஜோதியம்மாளுடையது. புருஷனைப் பறிகொடுத்தவள், பாஞ்சாலைக்கு மூத்தவள். அவள் குரல் பக்கத்தில் நிற்பவருக்கே சரியாகக் கேட்காது. ஆனால் சல்லடை பிடிப்பதில் அவளை மிஞ்ச ஆள் இல்லை. இரண்டு ஆட்டு ஆட்டினால் மணல் ஒரு பக்கம், பொரி ஒரு பக்கம்.

எண்பத்திரண்டில் வானம் பொய்த்தது. முந்தின வருஷமே அரைகுறையாகத்தான் பெய்திருந்தது. ஆடிப் பட்டத்தில் விதைத்த மல்லாட்டை பூவோடு காய்ந்தது. செங்கம் பக்கம், போளூர் பக்கம், எங்கே பார்த்தாலும் கொல்லை சாம்பல் நிறத்தில் கிடந்தது. மல்லாட்டை இல்லையென்றால் மில்லில் உடைக்க என்ன இருக்கிறது? மில் ஓடாவிட்டால் தோல் ஏது? வருஷா வருஷம் வண்டி வண்டியாக வந்து பொரிக்காரச் சந்து முழுக்க அடைத்துக்கொள்ளும் தோல், அந்த வருஷம் கூடைக் கணக்கில் வந்தது. சவுக்கு விறகு தங்க விலை விற்றது. பஸ் ஸ்டாண்டில் பெங்களூர் வண்டிக்குச் சட்டி பானையோடு சனங்கள் காத்துக் கிடந்தார்கள். கட்டட வேலைக்குக் குடும்பம் குடும்பமாகக் கிளம்பிக்கொண்டிருந்தது ஊர்.

இருசப்பனும் கிளம்பத் தயாராகிவிட்டான். வருஷக்கணக்கில் புகை குடித்ததில் அவனுக்கு இருமல். இருமிக்கொண்டே ஒரு நாள் சொன்னான்: "பெங்களூருல மேஸ்திரி நம்ம ஊருக்காரன்தான். வான்னு சொல்றான். பழைய இரும்புக்காரன்கிட்ட சட்டிக்குப் பேசிட்டேன்."

மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்த பாஞ்சாலை திரும்பினாள். "சட்டிய வித்துட்டு அங்க போயி நான் இன்னா பண்றது?"

"எல்லாரும் இன்னா பண்றாங்க? கல்லு தூக்கறது, கலவை தூக்கறது."

"எனக்கு அது தெரியாது. எனக்குப் பொரி பொரிக்கத் தெரியும்."

"தெரிஞ்சு? தோலு எங்க இருக்குது?" என்றான் அவன்.

அந்த வாரமே மண்டிக்காரர் ராமகிருஷ்ணன் சந்துக்கு வந்தார். சின்னக்கடை வீதியில் அவருக்கு மண்டி. தீபத்துக்கு வேண்டிய நெல்லை அவரே கொடுத்து, பொரியாக வாங்கிக்கொள்வது வழக்கம். நல்ல மனுஷர்தான், ஆனால் வியாபாரி. "இன்னா பாஞ்சாலை, நெல்லு பழைய இருப்பு இருக்குது. அடுப்பு எரியுமா? அதச் சொல்லு" என்று கேட்டார்.

"எரியும் முதலாளி."

"கொடியேத்தற அன்னிக்குள்ள சரக்கு என் மண்டில இருக்கணும். இல்லன்னா வெளியூர்லேர்ந்து லாரில எறக்கிடுவேன். என்னைத் தப்பா நெனைக்காத."

தப்பாக நினைக்க அதில் ஒன்றும் இல்லை. தீபத்துக்கு லட்சம் சனம் வருகிற ஊரில் பொரி இல்லை என்று சொல்ல முடியுமா? ஆனால் ஒரு வருஷம் வந்த லாரிக்கு அடுத்த வருஷம் வழி காட்ட வேண்டியதில்லை என்பது பாஞ்சாலைக்குப் புரிந்தது. இந்த ஊர் மலையில் விளக்கு எரியும்போது வேற்றூர்ப் பொரியை வைத்துப் படைப்பதா என்று அவளுக்கு ரோஷமும் வந்தது. சொல்லப்போனால் பயத்தைவிட ரோஷம்தான் அதிகம்.

அடுப்பு முன்னால் உட்கார்ந்து யோசித்தாள். ஒரு அடுப்பு மூட்டி மணலைப் பழுக்க வைப்பதற்குள்ளேயே பாதித் தோல் தின்றுவிடும். பழுத்த பிறகு அவ்வளவு கேட்காது. பொரியிலிருந்து புடைத்தெடுக்கிற உமியையே திருப்பித் தள்ளினால் போதும். அணைத்து அணைத்து மூட்டுவதால்தான் நஷ்டம். மூன்று வீட்டில் மூன்று அடுப்பை மூட்டுகிற தோலை ஒரே அடுப்பில் போட்டு, அணையவிடாமல் எரித்தால்?

இருசப்பனிடம் சொன்னாள். "யாரு அடுப்புல?" என்று கேட்டான் அவன்.

"பெரிய அடுப்பு யாரு வூட்ல இருக்குது?"

இருசப்பன் சிரிக்கத் தொடங்கி, இருமலில் முடித்தான்.

மறுநாள் ஜோதியம்மாளைக் கூட்டிக்கொண்டு மண்ணாங்கட்டி வீட்டு வாசலில் போய் நின்றாள். அவர் ஜோதியம்மாளை மட்டும் பார்த்தார். "ஜோதி, அந்தம்மா எதுக்கு வந்துருக்குதுன்னு கேளு."

பாஞ்சாலையும் ஜோதியம்மாளைப் பார்த்தே விஷயத்தைச் சொன்னாள். இரண்டடி தூரத்தில் நின்றுகொண்டு இரண்டு பேரும் நடுவில் ஒருத்தியை வைத்துப் பேசிய கூத்தைப் பார்க்கச் சந்தே கூடிவிட்டது. கேட்டு முடித்த மண்ணாங்கட்டி மீசையைத் தடவினார். அவர் வீட்டிலும் தோல் தீர்ந்துகொண்டிருந்தது, அவர் வீட்டு மூட்டைகளும் காலியாகத்தான் கிடந்தன. மறுக்க மனசு இருந்தாலும் வழி இல்லை. "சரி. என் அடுப்புல பண்ணலாம். ஆனா அவங்கவங்க மணலு, அவங்கவங்க முறை. என் மணலு மேல யாரு மணலும் படக்கூடாதுன்னு சொல்லு ஜோதி."

"எங்க மணலும் அவரு மணலோட சேரத் தேவையில்லன்னு சொல்லுக்கா" என்றாள் பாஞ்சாலை.

மூன்று பேரும் அதை நியாயம் என்றே நினைத்தார்கள். தொழிலிலேயே பழுத்த மூன்று பேர். ஒருவருக்கும் அதிலிருந்த ஓட்டை தெரியவில்லை. மணல் என்றால் வீட்டு மானம் என்று வளர்ந்தவர்களுக்கு அது எப்படித் தெரியும்?

முதல் நாள் காலையில் மண்ணாங்கட்டியின் முறை. பொரி பிரமாதமாக வந்தது. அவர் முறை முடிந்ததும் பழுத்துக் கிடந்த மணலை அள்ளி அவர் பானையில் கொட்டினார்கள். ஜோதியம்மாளின் பச்சைத் தண்ணீராகக் குளிர்ந்த மணல் சட்டியில் விழுந்தது. அது சூடேறுவதற்குள் கூடை கூடையாகத் தோல் போனது. அவள் கொஞ்சம் பொரித்தாள். பிறகு அதையும் அள்ளிவிட்டு, மறுபடியும் குளிர்ந்த மணல். பாஞ்சாலை முறை வருவதற்குள் பொழுது சாய்ந்தது, அன்றைய தோலும் தீர்ந்தது. அவள் போட்ட நெல் வெடிக்கவே இல்லை. பழுப்பாக வறுபட்டு, கோழிக்குப் போடுவதுபோல் கிடந்தது. மூன்று அடுப்பில் எரிந்திருந்தால்கூட இதைவிட அதிகம் பொரிந்திருக்கும்.

"சேந்து செய்யறதுன்னு சொன்னாங்க, சேந்து கெட்டோம்" என்று மண்ணாங்கட்டி சந்து முழுக்கக் கேட்கும்படி சொன்னார். பாஞ்சாலை வறுபட்ட நெல்லை முந்தானையில் மூடி எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

காலையில் பழைய இரும்புக்காரன் தராசோடு வாசலில் நின்றான். இருசப்பன் சட்டியைக் கவிழ்த்து உருட்டிக்கொண்டு வந்தான். அடுப்புக் கரி படிந்த அதன் அடிப்பக்கத்தை வெயிலில் பார்த்ததும் பாஞ்சாலை வாசலை மறித்து நின்றாள். அந்தச் சட்டி அந்த வாசலைத் தாண்டினால் அவளும் தாண்ட வேண்டும். பிறகு பெங்களூர், கலவை, யாரோ கட்டுகிற யாரோ ஒருவர் வீடு.

"சாயங்காலம் வா" என்றாள் இரும்புக்காரனிடம். "சாயங்காலத்துக்குள்ள அடுப்பு எரியலன்னா நானே தூக்கி உன் வண்டில வெக்கிறேன்."

"இன்னும் இன்னா பாக்கி இருக்குது?" என்றான் இருசப்பன் சலிப்போடு.

பாஞ்சாலை உள்ளே போய் மணல் பானையை இடுப்பில் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். ராத்திரி முழுக்க மனசு அந்த இடத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தது. தோலைத் தின்றது அடுப்பு இல்லை, மாற்றி மாற்றிக் கொட்டிய மணல்தான். அது தெரிந்த பிறகு சும்மா இருப்பது அவள் சுபாவம் இல்லை.

மண்ணாங்கட்டி வீட்டில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. கடைசித் தோலில் தன் பங்கையாவது பொரித்துவிடலாம் என்று அவர் துடுப்போடு உட்கார்ந்திருந்தார். எதிரில் ஜோதியம்மாள் சல்லடையோடு இருந்தாள். பாஞ்சாலை நேராகப் போனாள். இடுப்புப் பானையை இறக்கி, அவர் சட்டியில் கவிழ்த்தாள்.

மாமியார் வீட்டு மணல் தாத்தா வீட்டு மணலோடு சேர்ந்து புகைந்தது. அவ்வளவுதான், முடிந்தது.

மண்ணாங்கட்டி போட்ட கூச்சல் பேகோபுரம் வரைக்கும் கேட்டது. "அடிப்பாவி! எங்க தாத்தன் மணலும்மா அது! இன்னா காரியம் பண்ணிட்ட!"

கோபத்தில் அவர் தன்னை மறந்து நேராகவே பேசிவிட்டார். பாஞ்சாலை காலிப் பானையை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். "பொறுக்கி எடுத்துக்கண்ணா. உன்னுது எது, என்னுது எதுன்னு பாத்து எடுத்துக்க. நான் வேணாங்கல."

ஜோதியம்மாள் எழுந்து வெளியே போனாள். ஊரைக் கூட்டப் போகிறாள் என்றே இருவரும் நினைத்தார்கள். சற்று நேரத்தில் தன் பானையோடு திரும்பி வந்தாள். கூடையில் பூ கொட்டுவதுபோல் நிதானமாகச் சட்டியில் சாய்த்துவிட்டு, அவளுடைய அந்தச் சின்னக் குரலில் சொன்னாள்: "என்னுதையும் சேத்துப் பொறுக்குப்பா."

மண்ணாங்கட்டி துடுப்பைக் கீழே போட்டுவிட்டுத் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

கதை இங்கே நல்லபடி முடிந்திருக்கலாம். முடியவில்லை. பாஞ்சாலையே துடுப்பை எடுத்து நெல்லைப் போட்டாள். பொரிந்தது. ஆனால் ஜோதியம்மாள் சலித்தபோது பொரியோடு கரகரவென்று மணலும் சல்லடையிலேயே தங்கிவிட்டது. பாஞ்சாலை வீட்டு மணல் மற்ற இரண்டையும்விடப் பருமன். அவள் வீட்டுச் சல்லடைக் கண்ணும் அதற்கேற்பப் பெரியது, அதில் சலித்தால் பொடிப்பொரியும் மணலோடு இறங்கி வீணாகும். ஜோதியம்மாளின் சல்லடையிலோ அந்த மணல் இறங்கவில்லை. வாயில் போட்டுப் பார்த்தால் பல்லில் நறநறத்தது.

"சொன்னேனா இல்லியா? அன்னிக்கே சந்தையில சொன்னேனா இல்லியா?" என்று மண்ணாங்கட்டி துள்ளி எழுந்தார். இவ்வளவு துக்கத்திலும் அந்த மனுஷருக்கு ஒரு சந்தோஷம்.

பாஞ்சாலைக்கு அப்போதுதான் பயம் வந்தது. மூன்று வீட்டு மணலையும் ஒரே கையால் கெடுத்துவிட்டோமோ? இனி பிரிக்கவும் முடியாது, பொரிக்கவும் முடியாது என்றால் இந்தச் சந்தில் எந்த முகத்தோடு நிற்பது? அண்ணாமலையாரே என்று மனசுக்குள் கூப்பிட்டாள்.

ஜோதியம்மாள்தான் காப்பாற்றினாள். சட்டி மணலைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சல்லடையில் எடுத்து ஆட்டினாள். இறங்கியதைச் சட்டியிலேயே விட்டாள், இறங்காத பருமணலைப் பக்கத்தில் தட்டினாள். தட்டத் தட்டத் தரையில் ஒரு சின்னக் குவியல் சேர்ந்தது. அத்தனையும் பாஞ்சாலை வீட்டு மணல். போய்ச்சேர்ந்த மாமியார் பொத்திப் பொத்திக் கொடுத்தது. பாஞ்சாலைக்குப் பார்க்கத் தாங்காமல் அடுப்புப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உமியைத் தள்ளினாள். அந்தக் குவியலை யாரோ முறத்தில் வாரிக்கொண்டு போகிற சத்தம் மட்டும் காதில் விழுந்தது. சந்தில் கொட்டியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டாள், கேட்கவில்லை. கேட்டால் அழுதுவிடுவாள்.

மறுபடி நெல்லைப் போட்டதும் வெடித்த சத்தம் வேறு மாதிரி இருந்தது. சரசரவென்று ஒரே சீராக வெடித்தது. மண்ணாங்கட்டியின் காது நிமிர்ந்தது. பாஞ்சாலை துடுப்பைப் புரட்டுகிற வேகம் அவருக்குப் போதவில்லை போலிருக்கிறது. இரண்டு தரம் "ம்ஹும்" என்றார், மூன்றாம் தரம் பொறுக்க முடியாமல் எழுந்து வந்தார். "எழுந்திரும்மா. என் சட்டில கெட்ட பொரி வந்ததுன்னு பேரு வரக்கூடாது" என்று துடுப்பைப் பிடுங்கிக்கொண்டார்.

அதற்குப் பிறகு முறையும் இல்லை, பங்கும் இல்லை. அவர் புரட்ட, ஜோதியம்மாள் சலிக்க, பாஞ்சாலை புடைத்து உமியை அடுப்புக்குள் தள்ள, ஒரு வேலை அடுத்த வேலையைத் துரத்திக்கொண்டு ஓடியது. பொரி மல்லிகை மொட்டாக விழுந்தது. சாயங்காலம் இரும்புக்காரன் வந்தபோது இருசப்பனே வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு நெல் மூட்டையை இழுத்துவந்து வைத்துக்கொண்டிருந்தான். "சட்டி எங்க?" என்று கேட்டவனிடம், "சட்டியும் இல்ல, கிட்டியும் இல்ல, வேலையிருந்தா பாரு" என்று சொல்லிவிட்டான். காலையில் விற்கக் கிளம்பியவனும் அவன்தான் என்பது அவனுக்கு ஞாபகமே இல்லை.

அடுப்பு அணையவே இல்லை. தூங்குகிறவர்கள் தூங்க, விழித்திருக்கிறவர்கள் தள்ளினார்கள். கொடியேற்றத்துக்கு முந்தின நாளே மூட்டைகள் மண்டிக்குப் போய்விட்டன. ராமகிருஷ்ணனுக்கு ஒரு பெருமை உண்டு. வாயில் போட்ட உடனே இது இன்னார் வீட்டுப் பொரி என்று சொல்லிவிடுவார். அன்றும் ஒரு மூட்டையைப் பிரித்து நாலைந்து பொரியை வாயில் போட்டார்.

"இது மண்ணாங்கட்டியுது." மென்றார். "இல்லியே. ஜோதியம்மா..." இன்னும் கொஞ்சம் எடுத்துப் போட்டுக்கொண்டார். "அதுவும் இல்ல. எப்பவும் விட நல்லாத்தான் இருக்குது. யாருதுய்யா இது?"

பாஞ்சாலை வாயைத் திறப்பதற்குள் மண்ணாங்கட்டி மீசையைத் தடவிக்கொண்டு முன்னால் வந்தார். "எங்களுது."

இத்தனை வருஷத்தில் அந்த மனுஷர் வாயிலிருந்து அவள் கேட்ட முதல் நல்ல வார்த்தை அதுதான். மண்டியில் நின்றுகொண்டு அழக்கூடாது என்று பாஞ்சாலை மூட்டைகளை எண்ணுவது மாதிரி பாவனை செய்தாள்.

தீபத்தன்று மாலை அவள் குளித்துவிட்டு மாடவீதியில் போய் நின்றாள். எவ்வளவு தேய்த்தும் விரல் இடுக்கிலிருந்த கரி போகவில்லை. மலையில் சுடர் தெரிந்ததும் ஊரே "அண்ணாமலையாருக்கு அரோகரா" என்றது. வாசல்தோறும் அகல் ஏறியது, தட்டில் பொரி ஏறியது. அத்தனை வாசலிலும் வைத்த பொரி அவர்கள் சந்திலிருந்து போனது. பாஞ்சாலை ஒருவரிடமும் சொல்லவில்லை. ஆனால் அன்று மலையை அவள் பார்த்த பார்வையில் ஒரு பங்காளியின் உரிமை இருந்தது. இருந்தால் என்ன தப்பு?

லாரி வரவில்லை. அடுத்த வருஷக் கடைசியில் மழை கொட்டித் தீர்த்தது. அதற்கடுத்த பட்டத்தில் மல்லாட்டை விளைந்தது, மில் ஓடியது, சந்தில் மறுபடியும் தோல் குவிந்தது. அவரவர் அடுப்பை அவரவர் மூட்டிக்கொள்ளலாம் என்ற நிலை வந்ததும், மண்ணாங்கட்டி சட்டி மணலை மூன்று பங்காகப் பிரித்தார். அளக்கிற படியை மட்டும் ஜோதியம்மாள் வீட்டிலிருந்து வாங்கிவரச் சொன்னார். பாஞ்சாலை சிரிப்பை அடக்கிக்கொண்டு தன் பங்கை வாங்கிக்கொண்டாள். அன்று முதல் மூன்று வீட்டிலும் ஒரே மணல். மழை பின்வாங்கும்போதெல்லாம் மூன்று பானையும் மண்ணாங்கட்டி சட்டிக்கே திரும்பி வரும். அதற்கு ஒருவரும் ஒருவரை அழைக்க வேண்டியிருந்ததில்லை.

எண்பத்தொன்பதில், திருவண்ணாமலை தனி மாவட்டமான வருஷம், பாஞ்சாலையின் மகள் உண்ணாமலை செங்கத்தில் தனியடுப்பு வைத்தாள். வழக்கப்படி ஒரு கை மணல் கொடுக்க வேண்டும். பாஞ்சாலை பானையைத் திறந்து அள்ளப்போகும்போது வாசலில் பெரிய குரல் கேட்டது.

"நீ மட்டும் குடுத்தா அது எப்படி ஆவும்?"

மண்ணாங்கட்டி நின்றார். மீசை நரைத்திருந்தது. பின்னால் ஜோதியம்மாள் கையைப் பொத்திக்கொண்டு வந்தாள்.

இருசப்பன் கிண்டலாகக் கேட்டான்: "எல்லாம் ஒரே மணலுதானேண்ணா? மூணு கை எதுக்கு?"

"மணலு ஒண்ணுதான். கை மூணு இருக்குது இல்ல?" என்று அவர் அவனை அடக்கினார். ஜோதியம்மாள் தன் கை மணலை உண்ணாமலை ஏந்திய முந்தானையில் போட்டாள். பாஞ்சாலை போட்டாள். மண்ணாங்கட்டி மட்டும் போடாமல், அக்குளில் இடுக்கி வந்த ஒரு சின்னப் பானையைக் கீழே இறக்கினார். அதன் கழுத்தைச் சுற்றி வருஷா வருஷம் வைத்த குங்குமம் ஒன்றின்மேல் ஒன்றாகக் காய்ந்து தடித்திருந்தது.

பாஞ்சாலை உள்ளே எட்டிப் பார்த்தாள். கறுத்து வழவழத்த பருமணல்.

"உங்க மாமியா மணலு" என்றார் அவர், வேறு எங்கோ பார்த்துக்கொண்டு. "அன்னிக்கு ஜோதி சலிச்சுத் தள்ளினது. கீழ கொட்ட மனசு வரல. புது அடுப்புக்குச் சட்டி அடியில பருமணலப் போட்டா சூடு நிக்கும். எடுத்துக்கம்மா."

பாஞ்சாலை இரண்டு கையையும் பானைக்குள் விட்டு மணலை அள்ளினாள். பிறகு அதை மகளின் முந்தானையில் போடாமல், மண்ணாங்கட்டியின் இரண்டு கையையும் இழுத்து அதில் கொட்டினாள்.

"நீயே போடுண்ணா" என்றாள்.